நானூற்று நான்காவது ஆள்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், வன்னிப் பெருநிலக் குடியேற்றக் காணி ஒழுங்கமைப்பு அதிகாரசபையின் கிளிநொச்சிப் பிராந்திய அலுவலகமானது, யூன் மாதம் இரண்டாம் திகதி திங்கட்கிழமை முற்பகல் பத்து ஏழுக்கும் பத்து ஐம்பத்தொன்றுக்கும் இடைப்பட்ட சுபவேளையில், தனக்கெனச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சேவையைத் தனது கட்டடத்துக்குள்ளேயே நிறுவிக்கொள்கிறது. அன்று தொடக்கம் காணி தொடர்பான எந்த மனுவும் கையாலோ, தபாலாலோ, ஆள் மூலமாகவோ, வாய்மொழியாகவோ ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. அதிகாரசபை வழங்கும் மின்னஞ்சல் கணக்கிலிருந்து அதிகாரசபையின் மின்னஞ்சல் முகவரிக்கு ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்குள் வந்துசேரும் மனுக்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும். மனு வராத காணிகள் உரிமை கோரப்படாத காணிகளாகக் கருதப்படும்.

இந்த அறிவித்தல் கண்டாவளை, வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பகுதிகளில் கடை மதில்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் ஒட்டப்பட்டது. மூன்றாம் நாள் மாடுகள் பாதியைத் தின்றுவிட்டன. தின்ற பாதியில்தான் கடைசி வசனம் இருந்தது.

கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் எல்லாப் பிராந்தியங்களுக்கும் ஏற்கெனவே மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தது. அது வேலையும் செய்தது. பிராந்தியப் பணிப்பாளர் தயாபரனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. தன்னுடைய அலுவலகத்துக் கடிதம் கொழும்பில் யாரோ ஒருவனுடைய பெட்டிக்குள் படுத்திருப்பது தனது இருபத்தாறு வருடச் சேவைக்கு இழுக்கு என்று அவர் கருதினார். சொந்தமாக ஒரு சேர்வர்க் கணினி, சொந்தமாக ஒரு மின்னஞ்சல், உள்ளே வருகிற கடிதத்துக்குத் தானே எழுதிய ஒரு பதில். அந்தப் பதிலை எழுதுவதிலேயே மே மாதம் முழுவதையும் அவர் செலவழித்தார். முடிவுத் திகதிக்கு முன்னர் வருகிறவர்களுக்கு ஒன்று, பின்னர் வருகிறவர்களுக்கு ஒன்று. இரண்டும் கடிதம் வந்தவுடன் தாமாகவே போய்விடும். இனி மனுதாரர் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று தேநீர் இடைவேளையில் மலர்ச்சியோடு சொன்னார்.

சேர்வரில் இதையெல்லாம் நிறுவும் பொறுப்பு ஜெயந்தனுக்கு வந்தது. ஜெயந்தன் இந்து நாகரிகத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர். நான்கு வருடம் வேலைக்குக் காத்திருந்து, அதில் ஐந்து மாதம் வீதியோரப் போராட்டக் கொட்டகையில் சக பட்டதாரிகளோடு குந்தியிருந்து, இறுதியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனவர். எதை அபிவிருத்தி செய்வது என்பதை நியமனக் கடிதம் சொல்லவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரம் போட்டோக்கொப்பி மெசினில் சிக்கிய தாளை இழுத்து எடுத்துவிட்டார். அந்தக் கணத்திலிருந்து அலுவலகத்தில் வயர் பூட்டிய சகல பொருட்களும் அவர் தலையில் விழுந்தன. ஃபான் சத்தம் போட்டால் ஜெயந்தன். கேத்தில் சூடாகாவிட்டால் ஜெயந்தன். மின்னஞ்சலும் ஜெயந்தன். யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி சொல்லிக்கொடுத்த வீடியோ ஒன்றைப் பதினேழு தரம் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, அவர் மென்பொருளை நிறுவினார். அது வேலை செய்தபோது அவரே நம்பவில்லை.

அது வேலை செய்தது யூன் முதலாம் திகதி. இரண்டாம் திகதி திறப்பு விழா.

விழாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அது மூன்றரை மணித்தியாலம்தான் நடந்தது. பாண்ட் வாத்தியம், மாலை, மங்கல விளக்கு, ஆசியுரை, வரவேற்புரை, வரவேற்பு நடனம், தலைமையுரை. சேர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். மின்னஞ்சல் பக்கத்தின் முகவரி பொறித்த கருங்கல் ஒன்று வாசலில் திரைநீக்கம் செய்யப்பட்டது. கல்லில் பொறிப்பதற்கான முகவரியைப் பணிப்பாளர் தாமே எழுதிக் கொடுத்திருந்தார். ஜெயந்தனிடம் கேட்கவில்லை. ஜெயந்தன் மென்பொருளை வைத்திருந்த இடத்தின் பெயர் ஒன்று, கல்லில் இருந்த பெயர் இன்னொன்று.

எனவே பிரதம விருந்தினர் கல்லில் உள்ளபடி முகவரியைத் தட்டிப் பெருவிரலால் அழுத்தியபோது பெரிய திரையில் அதிகாரசபையின் இலச்சினை வந்தது. அதன்கீழ், ஆள் உயரத்தில், 404 என்ற இலக்கம் வந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தேடிய பக்கம் இல்லை என்று அந்த வரி சொன்னது.

பிரதம விருந்தினர் முப்பது வருடமாகப் பொதுவாழ்வில் இருப்பவர், திரையில் என்ன வந்தாலும் அதைச் சாதனையாக மாற்றத் தெரிந்தவர். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நானூற்று நாலு,” என்றார். “பாருங்கோ. திறந்து ஒரு நிமிசம் ஆகேல்ல. இந்த நானூற்று நாலு குடும்பத்தின்ர கண்ணீருக்கும் இண்டையோட ஒரு முடிவு. ஆர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மெசினுக்குத் தெரியும்.”

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

தட்டியவர்களில் மூக்கனும் ஒருவர். கதிரைகள் வெறுமையாக இருக்கக்கூடாதென்று முரசுமோட்டைப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றி வந்திருந்தார்கள். அவர் கடைசிக் கதிரைக்கு முந்திய கதிரையில் இருந்தார். எழுபது வயது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்துத் தோட்டத்தை விட்டு, ஒரு பானையும் இரண்டு சாக்குமாக வன்னிக்கு வந்தவர். முரசுமோட்டைக்கு அப்பால் அரை ஏக்கர் பற்றைக்காட்டை வெட்டி, குடிசை போட்டு, கிணறு தோண்டினார். பதினொரு தென்னம்பிள்ளை வைத்தார். யுத்தத்தில் விட்டுவிட்டு ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தபோது நான்கு தென்னை இல்லை. மறுபடி நான்கு வைத்தார். ஆக இன்றைக்கும் பதினொன்று. காணிக்கு உறுதிப்பத்திரமும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. நாற்பத்தெட்டு வருடமாக அந்த அரை ஏக்கரைத் தன்னுடையது என்று சொல்வதற்கு அவரிடம் இருந்த சாட்சி பதினொரு தென்னை மட்டும்தான். மனைவி இறந்துபோனார். மகள் அனோஜா, ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள். அனுமதிப்பத்திரம் இல்லாதபடியால் வீட்டுத்திட்டத்தில் வீடும் கிடைக்கவில்லை. தான் கண்ணை மூட முதல் ஒரு தாளாவது அவள் கையில் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே கவலை.

விழா முடிவில் எல்லோருக்கும் ரோல்ஸ் ஒன்றும் வாழைப்பழம் ஒன்றும், மின்னஞ்சல் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்ட அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். மூக்கன் வாழைப்பழத்தைத் தின்றார். ரோல்ஸையும் அட்டையையும் மகளுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த நாளே அனோஜா சைக்கிளில் முரசுமோட்டைச் சந்திக்குப் போய், கொமினிக்கேசன் கடைக்காரரிடம் அட்டையைக் கொடுத்து மனுவை அனுப்பச் சொன்னாள். தென்னைகளின் படத்தையும் இணைக்கவேண்டும். இணைப்பு இரண்டு எம்.பி.க்கு மேற்படலாகாது என்று அட்டையில் இருந்ததால் பதினொரு தென்னையையும் ஒரே படத்துக்குள் அடக்கியிருந்தாள். கடைக்காரர் முகவரியைத் தட்டினார். இலச்சினை வந்தது, இலக்கம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வந்ததை அச்சடித்து அவளிடம் கொடுத்தார்.

அந்தத் தாளோடு தகப்பனும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்மேசையில் இருந்த பிரியந்தினி இரக்கமுள்ள பெண். கையால் தரும் மனுவை வாங்க முடியாது என்பதை, மன்னிப்புக் கேட்கிற குரலில், மூன்று தரம் சொன்னாள். பிறகு வயர் பூட்டிய விடயம் என்றபடியால் ஜெயந்தனிடம் அனுப்பினாள்.

மூக்கன் தாளை மடிப்புக் குலையாமல் நீட்டினார். “நானூத்தி நாலுங்க ஐயா. அன்னைக்கு அந்தப் பெரியவர் சொன்னாருல்ல, நானூத்தி நாலு குடும்பம்னு. நான்தான் கடேசி ஆளு போல.”

ஜெயந்தனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. மூக்கன் வாழ்க்கையில் அரசாங்கத்திடமிருந்து பெற்றவை எல்லாம் இலக்கங்கள்தான். நிவாரண அட்டைக்கு ஒரு இலக்கம், முகாமில் கூடாரத்துக்கு ஒன்று, தண்ணீர்ப் பவுசர் வண்டிக்கு ஒன்று, மீள்குடியேற்றப் பஸ்ஸுக்கு ஒன்று, வீட்டுத்திட்டக் காத்திருப்புப் பட்டியலில் ஒன்று. இலச்சினைக்குக் கீழே ஒரு இலக்கம் இருந்தால் அது வரிசையில் தான் நிற்கிற இடம். இந்த நாட்டில் அதைவிட வேறு கருத்து அதற்கு இருந்ததை அவர் கண்டதில்லை.

“ஐயா, இது...” என்று ஜெயந்தன் தொடங்கினார். “இது கொஞ்சம் திருத்தவேணும். அடுத்த கிழமை பாருங்கோ.”

“பாக்குறோமுங்க. வரிசையில நின்னு பழக்கந்தானுங்க.”

ஜெயந்தன் பணிப்பாளரிடம் போனார். கல்லில் உள்ள முகவரியும் மென்பொருள் இருக்கும் இடமும் பொருந்தவில்லை, கல்லில் ஒரு சொல்லை மாற்றினால் சரி என்றார். தயாபரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“தம்பி, அந்தக் கல்லு பிரதம விருந்தினர் திரைநீக்கம் செய்த கல்லு. கல்லிலை பிழை இருக்கேலாது. பிழை இருந்தால் அது உங்கட மெசினிலைதான். கல்லுக்கேற்ற மாதிரி மெசினை மாத்துங்கோ.”

இது நியாயமாகவே பட்டது. ஜெயந்தன் மென்பொருள் இருந்த இடத்தின் பெயரைக் கல்லின்படி மாற்றினார். மாற்றியதும் 404 மறைந்தது. 403 வந்தது. பெயர் மாற்றப்பட்ட அந்த இடத்துக்குள் போக வெளியாருக்கு அனுமதி இல்லை என்று சேர்வர் சொன்னது. ஒரு கட்டளை தட்டினால் திருந்திவிடும். ஆனால் ஜெயந்தன் ஒரு தவறு செய்தார். தட்டுவதற்கு முன்னர் பணிப்பாளருக்கு அறிவித்தார்.

“அனுமதி மறுக்கப்பட்டதோ,” என்று தயாபரன் நிதானமாகக் கேட்டார். “ஆர் மறுத்தது? இந்த அலுவலகத்திலை அனுமதி மறுக்கிற அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருக்குது. இருபத்தாறு வருசமா நான்தான் மறுத்துக்கொண்டு வாறன்.”

சேர்வர் மறுத்தது என்று தெரிந்ததும் அவர் சற்று அமைதியடைந்தார். மறுத்தது பிழையில்லை, மறுத்த முறைதான் பிழை என்றார். அனுமதி வேண்டுமானால் உரிய முறையில், எழுத்தில், உரியவர் ஊடாகக் கேட்கப்படவேண்டும். எனவே சேர்வர் சார்பில் ஜெயந்தன் ஒரு கடிதம் எழுதினார். ஆவணங்களை வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் தனக்கு அனுமதி தருமாறு பணிவன்புடன் கேட்கும் அந்தக் கடிதம் பிரியந்தினி ஊடாக, பிரதம எழுதுநர் ஊடாக, நிர்வாக உத்தியோகத்தர் ஊடாகப் பணிப்பாளரின் மேசைக்குப் போனது. மூன்று வாரம் அங்கே இருந்தது. திரும்பி வந்தபோது ஓரத்தில் குறிப்பு இருந்தது: ‘வாசிக்க அனுமதிக்கப்படுகிறது. எழுதுவது பற்றிப் பின்னர்.’

எழுத அனுமதி இல்லாவிட்டால் யாரும் மனு எழுத முடியாது என்று ஜெயந்தன் விளக்கினார். அதுதான் யோசிக்கவேண்டிய விடயம் என்றார் தயாபரன். சனத்தை எழுதவிட்டால் என்ன எழுதுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லமுடியாது. வாசிப்பதால் யாருக்கும் தீங்கு வந்ததில்லை.

இந்த மூன்று வாரத்துக்குள் மூக்கன் இரண்டு தரம் வந்தார். முதல் தரம் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பிரியந்தினி இன்றைக்கும் சொல்வாள்.

“நவுந்திருச்சுங்க ஐயா. நானூத்தி மூணு.” தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “மொத மாசம் ஒரு ஆளு. மாசம் ஒரு ஆளுன்னா நமக்கு முப்பத்தி மூணு வருசம் ஆகுமுங்க.”

“அப்பா,” என்றாள் அனோஜா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அப்ப உங்களுக்கு நூற்றி மூண்டு வயது.”

“எனக்கு எதுக்கு புள்ள. ஒனக்கு அம்பத்தேழுதான.”

ஜெயந்தன் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இது வரிசை இல்லை, ஒரு பிழையின் பெயர், உங்களுக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை என்று. அவர் வாயைத் திறந்தார். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டார்.

யூலை நடுப்பகுதியில் பணிப்பாளர் எழுதுவதற்கும் அனுமதி வழங்கினார். கூடவே ஒரு நிபந்தனை விதித்தார். அனுமதி பற்றி ஜெயந்தன் விளக்கியபோது சேர்வருக்குள் பிழைப்பதிவு என்று ஒரு கோப்பு இருப்பதையும், என்ன பிழை, எப்போது, ஏன் நடந்தது என்பதை அது தன்பாட்டில் எழுதிக்கொண்டே இருப்பதையும் தவறுதலாகக் காட்டிவிட்டார். தயாபரன் வரி வரியாகப் பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் பிழை, பிழை என்று இருந்தது. அலுவலகத்தின் பெயரும் இருந்தது. திகதியும் நேரமும் இருந்தன.

“இதை எழுதச் சொல்லி ஆர் சொன்னது? என்ர சுருக்கொப்பம் இல்லாமல் இந்த அலுவலகத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் எழுதுறதில்லை. கணக்காய்வுக்காரர் வந்து இதைத் திறந்தால் நான் என்ன மறுமொழி சொல்லுறது? நிப்பாட்டுங்கோ.”

பிழைப்பதிவு நிறுத்தப்பட்டது. பிழைகள் எழுதப்படாமல் நடக்கத் தொடங்கின.

அன்று பிற்பகலே பக்கம் திறந்தது. ஜெயந்தன் தனக்குத் தானே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பினார், போனது. அதை அழித்தார். நாளை காலை வட்டக்கச்சியால் வரும் வழியில் அனோஜாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை வீடியோக்காரர் வந்துவிட்டார். சாமத்தியவீடு, கலியாணவீடு எடுப்பவர், திறப்பு விழாவையும் அவர்தான் எடுத்தார். ஆறு கிழமை பிந்தி, பாட்டுச் சேர்த்து, பணிப்பாளர் நடந்து வருகிற இடங்களில் பூக்கள் விழுகிற மாதிரிச் செய்து, மூன்றரை மணித்தியால வீடியோவை மிக உயர்ந்த தரத்தில் கொண்டுவந்திருந்தார். கூடவே ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் புகைப்படங்கள். இவை சேர்வரில் வைத்துப் பாதுகாக்கப்படவேண்டும், அதற்காகத்தானே சேர்வர் வாங்கியது என்றார் பணிப்பாளர். ஜெயந்தன் ஏற்றினார். ஏற்றி முடியப் பதினொரு மணி ஆனது. பதினொன்றரைக்கு அனோஜா கொமினிக்கேசன் கடையில் முகவரியைத் தட்டுவித்தாள்.

500.

சேர்வருக்குள்ளே ஏதோ பிழை என்பதைத் தவிர அந்த இலக்கம் வேறொன்றும் சொல்லாது. என்ன பிழை என்பதைப் பிழைப்பதிவு சொல்லும். பிழைப்பதிவு நிறுத்தப்பட்டிருந்தது.

ஜெயந்தன் சேர்வரை நிறுத்தி எழுப்பினார். மென்பொருளின் இன்னொரு பிரதியைப் பக்கத்தில் போட முயன்றார், பாதியில் நின்றது. தமிழ்நாட்டுப் பிள்ளையின் வீடியோவைப் பதினெட்டாம் தரம் பார்த்தார். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் சுமன் என்றொரு கணினிப் பொறியியலாளர் இருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்தார். பிழைப்பதிவின் கடைசி வரியை வாசியுங்கோ, ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன் என்றார் சுமன். அதை மேலிடத்து உத்தரவின்படி நிறுத்தியிருக்கிறோம் என்றார் ஜெயந்தன். பிறகு சுமன், தனக்கு வேறொரு அழைப்பு வருகிறது என்றார்.

பதிவைத் திறக்க அனுமதி கேட்டு ஜெயந்தன் எழுதிய கடிதத்துக்கு ஒரே நாளில் பதில் வந்தது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் அவ்வளவு விரைவாக எதற்கும் பதில் வந்ததில்லை. ‘இவ்வலுவலகத்தில் உள்ளகப் பிழை எதுவும் இல்லை. ஆகையால் பதிவும் தேவையில்லை.’

ஓகஸ்ட் முதல் வாரம் மூக்கன் தனியே வந்தார். மெலிந்திருந்தார். முன்மேசைக்கு முன்னால் இருந்த வாங்கில் அமர்ந்து, சட்டைப் பைக்குள்ளிருந்து தாள்களை எடுத்தார். எல்லாவற்றிலும் 500.

“பின்னால போயிருச்சுங்க,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “தொண்ணூத்தி ஏழு பேரு நடுவுல பூந்துருக்காங்க. பெரிய எடத்து ஆளுகளா இருப்பாங்க. வேணாங்கல. ஆனா நானூத்தி மூணுல நின்னேனே, அதுக்குக் கடுதாசி இருக்குங்க ஐயா. இந்தா பாருங்க. நான் பொய் சொல்லல.”

ஜெயந்தன் பார்த்தார். 403 தாள் நான்காக மடித்து, பொலித்தீன் உறைக்குள் இருந்தது. அவர் அனுமதிப்பத்திரத்தைக்கூட அப்படி வைத்திருப்பார், கிடைத்திருந்தால்.

“மனுவைத் தாங்கோ ஐயா,” என்றார் ஜெயந்தன். “கையிலை தாங்கோ.”

பிரியந்தினி தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தாள். ஜெயந்தன் மனுவை வாங்கி, தானே கொண்டுபோய்ப் பணிப்பாளரின் தட்டில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மறுநாள் அது ஜெயந்தனின் மேசைக்குத் திரும்பியது. மேலே குறிப்பு: ‘இது கடதாசியில் உள்ளது. மின்னஞ்சல் மூலம் அனுப்பும்படி மனுதாரரை அறிவுறுத்தவும். இதைப் பொறுப்பேற்ற உத்தியோகத்தரிடம் விளக்கம் கோரவும்.’

ஜெயந்தன் தன்னிடமே விளக்கம் கோரும் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தார். விளக்கமும் எழுதிக் கொடுத்தார். மூக்கனிடம் போய்ச் சொல்லும் துணிவு மட்டும் வரவில்லை.

ஓகஸ்ட் முப்பத்தொன்று கடந்து போயிற்று.

செப்ரெம்பர் இரண்டாம் வாரம் கொழும்பிலிருந்து அறிக்கை கேட்டார்கள். மின்னஞ்சல் மூலம் கிடைத்த காணி மனுக்கள் எத்தனை. தயாபரன் ஜெயந்தனைக் கேட்டார். பூச்சியம் என்றார் ஜெயந்தன். தயாபரன் கதிரையை விட்டு எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததைக் கண்டதாகப் பிரியந்தினி சொன்னாள். அன்று மாலை உத்தியோகத்தர்கள் எல்லோரையும் கூட்டிப் பேசினார்.

“ஒரு மனுவும் இல்லை. விளங்குதோ உங்களுக்கு? நான் சேவைக்கு வந்த காலத்திலை இந்தப் படியிலை சனம் படுத்துக் கிடந்தது. மனு எண்டா மூட்டை மூட்டையா வரும். இண்டைக்கு ஒண்டும் இல்லை. அப்ப என்ன? பிரச்சினை இல்லை. பிரச்சினை இருந்தா எழுதியிருப்பினம்தானே. நாங்கள் எழுதவும் அனுமதி குடுத்தனாங்கள்.”

தலைமை அலுவலகமும் அப்படியே விளங்கிக்கொண்டது. ‘முறைப்பாடற்ற பிராந்தியம்’ என்ற விருது கிளிநொச்சிக்கு வழங்கத் தீர்மானமாயிற்று. விருது மலருக்குத் திறப்பு விழாப் படங்களும் வீடியோவும் தேவை, அசலாகவே வேண்டும் என்றார்கள்.

ஜெயந்தன் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்ட முயன்றார். இடம் இல்லை என்றது சேர்வர். இடத்தை அடைத்திருப்பது எது என்று அவர் கோப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தார். பிறகு வெளியிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து, வீடியோவையும் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் படங்களையும் அதற்கு நகர்த்தினார். நகர்த்தி முடித்துக் கல்லில் உள்ள முகவரியைத் தட்டினார். இலச்சினை வந்தது. அதன்கீழே இலக்கம் இல்லை. பெயரும் கடவுச்சொல்லும் எழுதும் இரண்டு வெற்றுப் பெட்டிகள் இருந்தன.

இரண்டு மாதத்துக்கு மேலாக நடந்தது இவ்வளவுதான். மின்னஞ்சல் திறந்ததைக் கொண்டாடிய விழா சேர்வர் முழுவதையும் அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஒரு மனு வைக்க இடம் இருக்கவில்லை.

அவர் பணிப்பாளரிடம் போகவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முரசுமோட்டைக்குப் போனார். வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்தார். திகதி கடந்துவிட்டது, ஆனாலும் அனுப்பி வைப்போம், ஒரு மேன்முறையீடு எழுதலாம். எல்லாவற்றுக்கும் முதல் அந்த இலக்கத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏசினாலும் பரவாயில்லை.

வளவு வாசலில் அனோஜா நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்திருக்கவில்லை. மூக்கன் ஓகஸ்ட் இருபத்தேழாம் திகதி, மூன்று நாள் காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பதினாறும் முடிந்து இரண்டு கிழமை ஆகிறது.

கதிரை ஒன்றைத் தென்னைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். தேத்தண்ணி கொண்டுவந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் ரின்னை எடுத்து வந்தாள். உள்ளே தாள்கள். மேலே பொலித்தீன் உறையில் நானூற்று மூன்று. அதன்கீழே ஐந்நூறுகள். கடைசித் தாளில் ஓகஸ்ட் முப்பத்தொன்று என்று இருந்தது.

“அப்பா செத்தாப் பிறகும் போனனான்,” என்றாள். “நம்பரை விடாதை, வரிசையிலை நிக்காட்டி வெட்டிப்போடுவாங்கள் எண்டு ஆஸ்பத்திரியிலையும் சொன்னவர். இப்ப ஆள் இல்லைத்தானே சேர். அப்பாவின்ர நம்பரை என்ர பேருக்கு மாத்தேலுமோ?”

ஜெயந்தன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஓம்,” என்றார். “மாத்தலாம்.”

தன்னுடைய போனிலேயே பக்கத்தைத் திறந்தார். அனோஜா அட்டையைப் பார்த்துக் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். மனுவைத் தட்டினார், மூக்கனின் பெயருக்குப் பக்கத்தில் அவளுடைய பெயரையும் சேர்த்தார். தென்னைகளின் படத்தை இணைத்தார். பதினொன்றும் தெரிகிறதா என்று அவள் எட்டிப் பார்த்து எண்ணினாள். அனுப்பினார்.

அரை நிமிடத்தில் பதில் வந்தது. மே மாதம் முழுவதும் பணிப்பாளர் எழுதிய இரண்டு பதில்களில் இரண்டாவது.

‘தங்கள் மனு நன்றியுடன் கிடைக்கப்பெற்றது. தங்கள் வரிசை இலக்கம்: 1. முடிவுத் திகதியின் பின்னர் கிடைக்கும் மனுக்கள் பரிசீலிக்கப்படமாட்டா.’

“என்ன நம்பர் விழுந்தது?” என்று கேட்டாள் அனோஜா.

“ஒண்டு.”

அவள் பிஸ்கட் ரின்னின் மூடியை மூடினாள்.

“அப்ப முன்னுக்கு நிண்டவை எல்லாரும் போயிட்டினமோ?”

ஜெயந்தன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். மூக்கனுக்கு முன்னால் அந்த வரிசையில் ஒரு நாளும் ஒருவரும் நின்றதில்லை.